பிக்கப் வண்டியும் கோணல் வாசலும்

நாலாவது தடவையாகப் பட்டறைக்குப் போய்வந்த பிக்கப், மறுநாள் காலையில் வழக்கம்போலப் படுத்துக்கொண்டது. டைல்ஸ்காரர் சாவியைத் திருப்பத் திருப்ப, இஞ்சின் இருமியதே தவிர எழவில்லை. இறங்கிப் பானெட்டைத் தூக்கினார். டீசல் ஃபில்டருக்கு மேலே இருந்த கைப்பம்பை நாற்பது தரம் அமுக்கிவிட்டு மறுபடி ஏறினார். வெள்ளைப் புகையைக் கக்கிக்கொண்டு ஒருவழியாக உயிர் வந்தது. அதற்குள் வேலைக்கு அரை மணி நேரம் தாமதம்.

வண்டிக்கு இருபத்திரண்டு வயது. டைல்ஸ் பெட்டி, சிமெண்ட் மூட்டை, வெட்டும் மிஷின் எல்லாம் அதில்தான் போகும். அதைச் சரிபார்த்துக்கொண்டிருந்தவர் அவருடைய மச்சான், மனைவியின் அண்ணன். முப்பது வருட மெக்கானிக். ஃபில்டரை மாற்றிவிட்டார், டேங்கை இறக்கிக் கழுவிவிட்டார், பேட்டரியையும் சோதித்துவிட்டார். ஒவ்வொரு தடவையும் பட்டறையில் இரண்டு நாள் நிறுத்தி வைத்துப் பார்ப்பார். இரண்டு நாளும் ஒரே திருப்பில் கிளம்பிவிடும்.

"என் இடத்துல குதிரை மாதிரி ஓடுது மச்சான்," என்றார் போனில். "உங்க வீட்டுக்கு வந்தாதான் சண்டித்தனம் பண்ணுது. கோளாறு வண்டியிலயா, உங்க வாசல்லயா?"

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்," என்றார் டைல்ஸ்காரர்.

"சரி, சிரிச்சுக்குங்க. டீசல் பம்ப் போயிருச்சுன்னுதான் நெனைக்கிறேன். ஞாயித்துக்கிழமை கயிறோட வந்து இழுத்துட்டுப் போறேன். பம்பை இறக்கி வெளியூருக்கு அனுப்பணும். ரெண்டு வாரம் ஆகும்."

ரெண்டு வாரத்தில் பள்ளிக்கூடம் திறந்துவிடும். அதற்குள் அங்கே ஆறு வகுப்பறைக்குத் தரை போட்டாக வேண்டும். டைல்ஸ்காரர் போனை வைத்துவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்தார்.

மனைவி சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டே இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் பிரிவில் பதினெட்டு வருடமாக நர்ஸ். தெருவே அவளைச் சிஸ்டர் என்றுதான் கூப்பிடும். வேலைக்குப் புறப்பட்டவள் வாசலில் நின்று ஒரு நிமிடம் பார்த்தாள். கேட்டிலிருந்து வீட்டுப் படி வரை சிமெண்ட் தளம் நன்றாகவே மேடேறியது. கூடம் உண்மையிலேயே கோணல்தான். சாமான் ஏற்ற வசதியாக இருக்கட்டும் என்று பிக்கப்பின் பின்பக்கம் எப்போதும் தெருவைப் பார்த்து நிற்கும். அதாவது மூக்கு மேலே, வால் கீழே.

அண்ணனின் பட்டறைத் தரை கேரம் போர்டு மாதிரி சமமானது.

அன்று சாயங்காலம் கணவரிடம், "இன்னைக்கு ரிவர்ஸ்ல ஏத்தி நிறுத்துங்க," என்றாள்.

"எதுக்கு? காலையில பெட்டி ஏத்தணுமே."

"ஒரு நாள்தானே. நான் கூட வந்து தூக்கறேன்."

மறுநாள் காலையில் வண்டி ஒரே திருப்பில் கிளம்பியது. டைல்ஸ்காரருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அவளோ சந்தோஷப்படவில்லை, அடுத்த நாள் பழையபடி மூக்கு மேலே நிறுத்தச் சொன்னாள். படுத்துக்கொண்டது. திருப்பி நிறுத்தியதும் கிளம்பியது. மறுபடி மாற்றினாள், படுத்தது. நாலு நாளையும் சமையலறைக் காலண்டரில் குறித்து வைத்தாள்.

"என்னம்மா, வண்டிக்கும் டெம்பரேச்சர் சார்ட்டா?"

"கேலி அப்புறம் பண்ணுங்க. டேங்க் பின்னாடி இருக்கு. மூக்கு மேல இருந்தா, குழாயில இருக்கிற டீசல் எல்லாம் இறங்கி டேங்குக்கே போயிருது. சும்மா எப்படி இறங்கும்? எங்கயோ காத்து உள்ள போகுது. பம்ப் நல்லாத்தான் இருக்கு."

"டீசல் ஒரு சொட்டு ஒழுகலையே. உங்க அண்ணன் டார்ச் அடிச்சு அடிச்சுப் பாத்தாரே."

"அது உறிஞ்சற குழாய். அது வெளிய ஒழுகாது, உள்ளதான் இழுக்கும். எங்க மெஷின்லயும் அப்படித்தான். ஒரு இணைப்பு லேசா தளர்ந்திருந்தா ரத்தம் சிந்தாது, குமிழிதான் வரும். பதினெட்டு வருஷமா அந்தக் குமிழியைத்தான் பாத்துட்டு இருக்கேன்."

சனிக்கிழமை அவளுக்கு விடுமுறை. தரை மட்டம் பார்க்க அவர் வைத்திருந்த கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் குழாயில் ஒரு முழம் வெட்டித் தரச் சொன்னாள். கேட்டதும் அவர் முகம் மாறியது, புதுக் குழாய். ஆனாலும் வெட்டித் தந்தார். ஃபில்டருக்குள் டீசல் நுழையும் இடத்தில் அதை இடையில் மாட்டிவிட்டு, வண்டியை ஓடவிடச் சொன்னாள்.

குழாயில் மஞ்சளாக டீசல் ஓடியது. கூடவே சின்னச் சின்னக் குமிழிகள், எறும்பு வரிசைபோல.

"பாருங்க! பாருங்க!" என்று அவள் கத்தியதில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

அடுத்தது எந்த இடம் என்று கண்டுபிடிக்க வேண்டும். டயருக்குக் கட்டை கொடுத்துவிட்டு, அட்டைப் பெட்டியை விரித்துப் போட்டு அவள் வண்டிக்கு அடியில் நுழைந்தாள். டேங்கிலிருந்து டீசல் வெளியே வரும் இடத்திலேயே அதே குழாயை மாட்டிப் பார்த்தாள். அங்கே ஒரு குமிழிகூட இல்லை. அப்படியானால் கோளாறு நடுவில்தான். நடுவில் இருந்ததோ நீளமான இரும்புக் குழாய். அதில் ஒரே ஒரு இடத்தில், பின் அச்சுக்கு மேலே, ஒரு சாண் ரப்பர் குழாய். பார்க்க நன்றாகவே இருந்தது. கிளிப்பைக் கழற்றி வளைத்துப் பார்த்தாள். கிளிப் மறைத்திருந்த இடத்தில் காய்ந்த உதடுபோல வெடிப்பு வெடிப்பாக விரிந்தது. டீசல் கசிய முடியாத இடுக்கு. காற்றுக்கு அது போதும்.

வெளியே வரும் அவசரத்தில் முழங்கை தரையில் உரசித் தோல் போனது. அவளுக்கு அது தெரியவே இல்லை. கடைக்குப் போய் டீசலுக்கென்றே விற்கும் ரப்பர் குழாயும் இரண்டு கிளிப்பும் அவளே பார்த்து வாங்கினாள். அவள் மாட்டினாள், அவர் கைப்பம்பை அமுக்கிக் காற்றை வெளியேற்றினார். சாயங்காலம் வண்டியை மூக்கு மேலே இருக்கும்படியே நிறுத்தினார்கள்.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு அண்ணன் கயிறும் ஆளுமாக வந்து நின்றார்.

"கயித்தை அப்புறம் கட்டலாம் அண்ணே. முதல்ல நீயே ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பாரு," என்று சாவியை நீட்டினாள். இன்று கிளம்பாவிட்டால் அண்ணன் ஆயுசுக்கும் இதைச் சொல்லிச் சிரிப்பார். கிளம்பிவிட்டாலோ, முப்பது வருட மெக்கானிக்கின் முகம் என்ன ஆகும் என்ற பயம் வேறு.

ஒரே திருப்பு. புகையில்லை, இருமலில்லை.

அண்ணன் அணைத்துவிட்டு மறுபடி திருப்பினார். பிறகு இறங்கி, வண்டிக்கு அடியில் போனார். வெகுநேரம் வெளியே வரவில்லை. டைல்ஸ்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள்.

"இந்தக் கிளிப்பை மாட்டினது யாரு?" என்று அடியிலிருந்து குரல் வந்தது.

"நான்தான் அண்ணே. தப்பா?"

"தப்பா? என் பட்டறையில ஒருத்தன்கூட இவ்ளோ சுத்தமா மாட்ட மாட்டான்." வெளியே வந்தவரின் முகமெல்லாம் சிரிப்பு. "நான் ஈரத்தைத் தேடினேன் தங்கச்சி. ஈரம் இருந்தாத்தானே கெடைக்கும்! மச்சான், உங்க வாசல் நெசமாவே கோணல்தான்யா, நான் அன்னைக்கே சொன்னேன்ல?"

"சொன்னது நீங்க, புரிஞ்சுகிட்டது அவ," என்றார் டைல்ஸ்காரர். அந்த 'அவ'வைச் சொல்லும்போது அவர் நெஞ்சு ஒரு விரற்கடை நிமிர்ந்தது.

கயிற்றைச் சுருட்டிக்கொண்டு நின்ற ஆளிடம் அண்ணன், "நல்லாப் பாத்துக்கடா, இது என் கூடப் பிறந்தவ," என்றார். அன்று மாலைக்குள் தெருவில் பாதிப்பேருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. மீதிப்பேருக்கு டைல்ஸ்காரரே வீடு வீடாகப் போய்ச் சொல்லாத குறைதான். அவள் உள்ளே துணி மடித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். ஒரே சட்டையை மூன்று தரம் மடித்தாள்.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில், வாரம் மூன்று முறை வரும் ஓய்வுபெற்ற லாரி டிரைவர் படுக்கையில் சாய்ந்தபடி அவள் முழங்கையைப் பார்த்தார்.

"என்ன சிஸ்டர், விழுந்துட்டீங்களா?"

"இல்லய்யா, வண்டிக்கு அடியில படுத்திருந்தேன்."

பெரியவர் தலையணையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்தார். "வண்டிக்கு அடியிலயா? எந்த வண்டி? என்ன கோளாறு?"

அவள் மெஷினை ஓடவிட்டு, குழாயை ஒருமுறை கண்ணால் அளந்தாள். டயாலிசிஸ் முடிய நாலு மணி நேரம் இருந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஒன்றும் விடாமல் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.