மூன்றாவது வாரம்

என் நாத்தனாரும் நானும் நான்கு வருடமாகப் பேசிக்கொள்வதில்லை. போன மாதம் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது அவள் விழுந்து வலது இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டாள். ஆபரேஷன் முடிந்ததும், நான் வேலை பார்க்கும் பிசியோதெரபி அறைக்கே அவளைத் தள்ளுநாற்காலியில் கொண்டுவந்தார் என் கணவர்.

“வேற ஆள் இல்லையாடா?” என்று தம்பியிடம் கேட்டாள்.

“இன்னொருத்தங்க லீவுல இருக்காங்கக்கா.”

“அப்ப நானும் லீவு போட்டுக்கறேன்.”

சண்டை என் மாமனாரால் வந்தது. அவருக்கும் இதே இடுப்பு முறிவு, இதே ஆபரேஷன்தான். தினமும் இரண்டு வேளை அவரை எழுப்பி நடக்க வைத்தேன். வலியில் முனகுவார். பதினோராவது நாள் நாத்தனார் வந்து பார்த்துவிட்டு, “பெத்த அப்பனா இருந்தா இப்படி வதைப்பியா?” என்று கேட்டு, அவரைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்க் கட்டிலில் படுக்க வைத்தாள். முதுகெல்லாம் படுக்கைப்புண். மூன்றே மாதத்தில் போய்விட்டார். உடலை எடுப்பதற்கு முன்பே, அத்தனை பேர் நடுவில், “நீங்கதான் கொன்னீங்க” என்று சொன்னேன்.

இப்போது அவள் நடைப் பயிற்சிக்கான இரண்டு கம்பிகளுக்கு நடுவே நின்றாள். ஆலை கேன்டீனில் இருபது வருடம் அடுப்பின் முன் குனிந்து நின்ற முதுகு. கண் தரையிலேயே இருந்தது.

“கீழ பாக்காதீங்க. எதிர்ச் சுவரப் பாருங்க. தோளை இறக்குங்க. குதிகால் முதல்ல, அப்புறம் பாதம்.”

“நடக்கத் தெரியாமயா அம்பத்தாறு வருஷம் நடந்தேன்?”

“தப்பா நடந்தீங்க.”

ஊன்றுகோல் கொடுத்த அன்று அதை வலது கையில் பிடித்தாள். முறிந்த பக்கத்துக்கு எதிர்க் கையில்தான் பிடிக்க வேண்டும் என்று இடது கைக்கு மாற்றினேன். வெடுக்கென்று பிடுங்கி மறுபடி வலதுக்கு மாற்றிக்கொண்டாள். இரண்டு அடி வைத்ததும் இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்தது. தானாகவே கோலை இடது கைக்கு மாற்றிக்கொண்டாள். அன்று முழுக்க என் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை.

பதினெட்டாவது நாள், அறையின் பாதியில் நின்றுவிட்டாள்.

“வலி கொஞ்சம் கொறஞ்சிருக்கு,” என்றாள் சந்தேகமாக.

“மூணாவது வாரம் குறையும். எல்லாருக்கும் அப்படித்தான்.”

கோலை ஊன்றி என் பக்கம் திரும்பினாள். “அப்பாவுக்கும் கொறஞ்சிருக்குமா?”

“குறைஞ்சிருக்கும்.”

“நான் எத்தனாவது நாள் கூட்டிட்டுப் போனேன்?”

“பதினொண்ணு.”

கண்ணை எதிர்ச் சுவருக்குத் திருப்பினாள். “இத நீ அன்னைக்கே சொல்லியிருக்கலாம்.”

“சொன்னேன்.”

“சொல்லல. பொய் சொல்லாத.”

மறுநாள் எனக்கு முன்பே வந்து கம்பிகளுக்கு நடுவே நின்றிருந்தாள். அதன் பிறகு நான் சொன்னதை எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால் தேவலை என்றிருந்தது எனக்கு. மூன்றாவது மாதம் கோல் இல்லாமல் நிமிர்ந்து நடந்தாள். கேன்டீன் வேலைக்குத் திரும்பினாள். போகிறேன் என்றுகூட என்னிடம் சொல்லவில்லை.

சாப்பிடும்போது கணவரிடம் கேட்டேன்: “அன்னைக்கு உங்க அக்கா வந்து மாமாவக் கூட்டிட்டுப் போனப்ப, மூணு வாரத்துல வலி குறையும்னு நான் சொன்னேன்தானே?”

அவர் ரசத்தை ஊற்றிக்கொண்டார்.

“நீ கத்தினது ஞாபகம் இருக்கு,” என்றார்.

இதுவரை நாத்தனார் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. நானும் கூப்பிடவில்லை.