பள்ளிக்கூட வாசலில் நின்ற பஸ்

பள்ளிக்கூடத்து இரும்புக் கதவைப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நின்றவர் வேறு யாருமில்லை, டிரைவரின் மச்சான். மனைவியின் அண்ணன், ஊருக்கும் தலைவர். போருக்குத் தப்பி வந்தவர்களை எல்லையிலிருந்து ஏற்றி வந்த டிரைவர் பஸ் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான்.

"இங்கதான் இறக்கணும்னு உத்தரவு, மச்சான்."

"உத்தரவு போட்டவன் வீட்டுல கொண்டுபோய் இறக்கு. நம்ம பசங்களுக்கே வேலை இல்ல. வண்டியத் திருப்பு."

மச்சானுக்குப் பின்னால் நின்ற ஊர்க் கூட்டத்தில் ஒருவன் பஸ்ஸின் பக்கவாட்டில் ஓங்கித் தட்டினான். உள்ளே இருந்த அத்தனை பேரும் சட்டென்று இருக்கைகளுக்கு அடியில் பதுங்கினார்கள். வெறும் தட்டல்தான். டிரைவர் அதைக் கண்ணாடியில் பார்த்தான்.

"திரும்பிப் போறோமா?" தப்பி வந்தவர்களில் ஒருத்தியான நர்ஸ் முன் இருக்கையிலிருந்து கேட்டாள். அவன் வண்டியைத் திருப்பினான்.

நெடுஞ்சாலை ரவுண்டானாவில் இடது பக்கம் போனால் எல்லை. அவன் போகவில்லை. சுற்றினான். மறுபடியும் சுற்றினான். பின்னாலிருந்த லாரிக்காரன் ஹாரன் அடித்துத் திட்டினான். கடைசியில் வண்டி அவன் வீட்டுத் தெருவில் போய் நின்றது.

மனைவி ஈரக் கையோடு ஓடிவந்தாள். "என்னங்க, பஸ்ஸையே வீட்டுக்குக் கொண்டாந்துட்டீங்க?"

"உங்கண்ணன் கதவத் திறக்கல."

அவள் ஜன்னல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "இறங்கச் சொல்லுங்க. பாத்ரூம் ஒண்ணுதான் இருக்கு, சொல்லிடுங்க."

எல்லோரும் இறங்குவதற்குள் மச்சான் மூச்சிரைக்க வந்துவிட்டார். "உனக்குக் கிறுக்கு பிடிச்சிருக்கா? வேலை போயிடும்டா!"

"போகட்டும். திருப்பிக் கொண்டுபோய் விட்டா இவங்க தலையில குண்டு விழும். அப்புறம் நான் வண்டி மட்டும்தான் ஓட்டினேன்னு சொல்லிக்க முடியுமா? நீங்க கதவு மட்டும்தான் பூட்டினேன்னு சொல்லிக்குவீங்களா? வேலை இல்லாதது நெசந்தான் மச்சான். அதுக்காக ஒருத்தர செத்துப்போன்னு சொல்லலாமா?"

மச்சான் வாயைத் திறந்தார். அதற்குள் அவருடைய மனைவியே போர்வைகளைச் சுமந்துகொண்டு தெருவில் வந்தாள். அவரை ஏறிட்டும் பார்க்காமல், "அண்ணி வந்திருக்கேன், கதவ நல்லாத் திறந்து வை" என்று உள்ளே குரல் கொடுத்தாள். எதிர்வீட்டுத் தையல்காரர் ஒரு குடும்பத்தை அழைத்துப் போனார். கடைசி வீட்டிலிருந்து மட்டும் ஒரு கல் வந்து பஸ் ஜன்னலை உடைத்தது.

பள்ளிக்கூடத்தை மறுநாள் அதிகாரிகள் வந்து திறந்தார்கள். மச்சான் பல மாதங்கள் தங்கையோடு பேசவில்லை. டிரைவரை பஸ் கம்பெனி வேலையிலிருந்து நிறுத்தி வைத்தது. பள்ளிக்கூடத்தில் இடம் போதாமல் நர்ஸும் அவளுடைய சொந்தக்காரர்களும் டிரைவர் வீட்டிலேயே தங்கிவிட்டார்கள். அவன் வாசலுக்கும் கொல்லைக்குமாக நடந்துகொண்டே இருந்தான்.

"ஒரு இடத்துல உக்காருங்களேன்" என்றாள் மனைவி.

"எங்கடி உக்கார்றது?"

நர்ஸ் சிரித்துக்கொண்டே கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.