வற்றிய வீக்கம்

லோகாம்பாளின் கணவன் ராமலிங்கத்துக்குக் கடைவாய்ப் பல் சொத்தை. தறியில் முகூர்த்தப் புடவை இருந்ததால் பல்லைப் பிடுங்கிக்கொள்ளப் போகவில்லை. ஒரு வாரத்தில் தாடைக்குக் கீழே கழுத்து புடைத்துக்கொண்டது.

"இது பொன்னுக்கு வீங்கிடா. கழுத்துல தங்கம் போட்டா தானா வத்திப்புடும்" என்றாள் அவனுடைய அக்கா செல்லியம்மாள்.

வீட்டில் தங்கம் ஏது? தறிக்கு வைத்திருந்த சரிகையில் நாலு இழை எடுத்து முறுக்கிக் கட்டிவிட்டாள்.

"கண்ணாலத்தன்னிக்குக்கூட உன் கழுத்துல தங்கம் ஏறலடா!"

வாயைத் திறக்க முடியாத ராமலிங்கம் அடிப்பதுபோல் கையை ஓங்கினான்.

மூன்றாம் நாள் வீக்கம் வற்றியது. அக்கா பூரித்துப்போனாள். ஆனால் அவனுக்குத் தண்ணீர்கூடத் தொண்டையில் இறங்கவில்லை. உடம்பு கொதித்தது. நெஞ்சைத் தொட்டுத் தொட்டுக் காட்டினான். லோகாம்பாள் ஜட்கா பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். செல்லியம்மாளும் முணுமுணுத்துக்கொண்டே ஏறிக்கொண்டாள்.

டாக்டர் சீனிவாசன் கழுத்தை அழுத்திப் பார்த்தார். "வத்தலம்மா. உள்ள இறங்கிக்கினு இருக்குது."

"எங்கங்க?"

"தோலுக்கு அடியில கழுத்தைச் சுத்தி மெல்லிசா ஒரு சவ்வு. அதுக்குள்ள மூச்சுக்குழலு, ரத்தக்குழாய் எல்லாத்துக்கும் தனித்தனி உறை. பின்னால, கழுத்தெலும்புக்கு முன்னால, ரெண்டு சவ்வு ஒட்டினாப்பல நிக்குது. நடுவுல சந்து. அது தடுப்பில்லாம நெஞ்சுக்குள்ள போவுது. பல்லுல புடிச்ச சீழு அந்த வழியா இறங்குது. கழுத்தைக் கிழிச்சு எடுக்கணும். இல்லன்னா பொழைக்க மாட்டாரு."

மடித்து வைத்த புடவையில் தண்ணீர் பட்டால் மேல் மடிப்பு சீக்கிரம் காய்ந்துவிடும், உள்மடிப்புகளில் கறை பரவிக்கொண்டிருக்கும். லோகாம்பாள் எத்தனை முறை பார்த்திருக்கிறாள்!

செல்லியம்மாள் அவள் கையைப் பிடித்தாள். "வத்திப்போன கழுத்தை அறுக்கிறதா? என் தம்பியைக் கொல்லப் பாக்கறியாடி?"

"வுடுங்க அண்ணி. சண்டை போடக்கூட எனக்குத் தெம்பு இல்ல." லோகாம்பாள் கட்டைவிரலை மையில் தோய்த்து ஆபரேஷனுக்கான சம்மதக் காகிதத்தில் வைத்தாள்.

கழுத்தில் வைத்த ரப்பர் குழாய் வழியாக ஐந்து நாள் சீழ் வடிந்தது. லோகாம்பாள் கட்டிலோரம் தரையிலேயே கிடந்தாள். உட்கார்ந்திருக்கிறோமா, தூங்குகிறோமா என்று அவளுக்கே தெரியவில்லை. ஆறாம் நாள் காலை காய்ச்சல் விட்டது.

"ஒரு ஸ்பூன் தண்ணி குடும்மா, பாக்கலாம்" என்றாள் நர்ஸ் மரியம்மாள்.

லோகாம்பாள் ஊட்டினாள். தொண்டை மெல்ல ஏறி இறங்கியது. இருமவில்லை.

"இன்னொண்ணு" என்றான் ராமலிங்கம்.

அழுகை வரும் என்றுதான் லோகாம்பாள் நினைத்தாள். கொட்டாவிதான் வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு ஸ்பூனை மறுபடி நிரப்பினாள்.