சாலம்மாள் இருந்த இடம்

மேற்கே கல்வராயன் மலைத்தொடர் கருமுகில் போர்த்துக் கிடக்க, அடிவாரத்து நெல்வயல்களும் கரும்புக் கொல்லைகளும் ஈரக்காற்றுக்குத் தலைசாய்த்து நிற்க, கோமுகி ஆற்றின் செந்நீர் கரையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து ஓட, ஐப்பசித் திங்களின் முற்பகலொன்று கள்ளக்குறிச்சி நகரின்மேல் கவிந்திருந்தது. நயமறிந்து படிப்பவரே, மழை வருமுன் ஊர் படும் பாட்டை நீர் அறிவீர். வண்டிகள் உறுமின, நடத்துநர்கள் ஊர்ப்பெயர்களைக் கூவினர், குடையும் கூடையுமாய் மக்கள் முண்டியடித்து ஏறினர். அந்தப் பேருந்து நிலையத்தின் வடகோடியில், தகரம் ஓட்டையாகிப்போன பழைய கொட்டகையின் கீழே, கோணி விரித்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு, உளுந்தூர்பேட்டை வண்டி வந்து நிற்குமிடத்தையே நோக்கியபடி ஒருத்தி அமர்ந்திருந்தாள். சாலம்மாள் என்பது அவள் பெயர். ஊரார்க்கெல்லாம் அன்று அவள்மேல்தான் சினம்.

சினத்துக்கு ஏது உண்டு. அடைமழைக்கு முன் தம் நகரில் தெருவில் படுப்பவர் ஒருவரும் இருத்தலாகாது என்று வணிகரும் மூவுருளித் தானி ஓட்டுநரும் வழக்கறிஞரும் வயற்கூலி மக்களும் ஒன்றுகூடி உறுதி பூண்டிருந்தனர். ஒருவர் ஏரிக்கரையோரம் நிலம் ஈந்தார். ஒருவர் செங்கல் இறக்கினார். கொத்தர்கள் ஞாயிறுதோறும் கூலி பெறாது சுவரெழுப்பினர். கோயில் வாயிலிலும் சந்தைத் தாழ்வாரத்திலும் சுருண்டு கிடந்தவர்கள் எல்லாரும் புதுவீடு புகுந்தாயிற்று. எஞ்சியவள் இவளொருத்தி. இம்முயற்சிக்குத் தலைநின்ற பித்தளைப் பாத்திர வணிகர் இளஞ்செழியன் நல்லவர். தாம் நல்லவர் என்பதைப் பிறர் மறந்துவிடலாகாது என்பதிலும் சற்றே கண்ணுங் கருத்துமாய் இருப்பவர். அவர் வந்து அவள்முன் நின்றார்.

"இன்னாம்மா இது? வூட்டக் கட்டி சாவிய நீட்டுறோம், வாங்க மாட்டேன்ற. ஊரே எங்களப் பாத்துச் சிரிக்குது!"

"வூடு வேணாம்னு சொல்லலீங்க. எம் புருசன் வர்ற வரைக்கும் இந்த எடத்த வுட்டு ஏந்திரிக்க மாட்டேங்க."

கரியாலூருக்கும் அப்பால் ஒரு மலைச்சரிவில் இருந்த அவர்கள் குடிசையைச் சென்ற ஆண்டு மழை மண்ணோடு வாரிக்கொண்டு போனது. பிழைப்புத் தேடிக் கீழிறங்கிய கணவன் வேடியப்பன், தொலைவூர்ச் செங்கற்சூளைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேட்டு, இதே கொட்டகையில் அவளை அமர்த்தி, "இங்கயே இரு, வந்துடறேன்" என்று சொல்லி உளுந்தூர்பேட்டை வண்டி ஏறினான். இருவர்க்கும் இருந்த ஒரே கைப்பேசி அவனோடு போயிற்று; பின்பு பிறர் கைப்பேசியிலிருந்து அவ்வெண்ணை எத்தனை முறை அழைத்தும் எடுப்பாரில்லை. அவள் ஊரிலோ ஒரு வழக்கம் உண்டு. காட்டுக்குள் புளியும் கடுக்காயும் பொறுக்கப் போனவர்கள் பிரிந்துவிட்டால், பிரிந்த இடத்திலேயே ஒருவர் அமர்ந்து காத்திருக்க வேண்டும். அவ்விடம் வெறுமையாய்க் கிடந்தால், காத்திருந்தவர் இறந்துபோனார் என்பதே பொருள்.

"அவன் வந்தா நாங்க சொல்ல மாட்டமா?" என்றார் வணிகர்.

"அது யாரையும் வாயத் தொறந்து கேக்காதுங்க. எடம் காலியா இருந்தா, நான் செத்துட்டேன்னு வந்த வழியே போய்க்கினு இருக்கும். அப்புறம் திரும்பியே வராதுங்க."

இளஞ்செழியனுக்குப் பொறுக்கவில்லை. கோணிமேல் மூட்டையை வைத்துவிட்டு அவள் குழாயடிக்குப் போன வேளை பார்த்து அவள் மூட்டையைத் தூக்கித் தானியில் ஏற்றினார். கணவனின் சட்டை அம்மூட்டைக்குள் இருந்தமையால் அவள் அலறிக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்தாள். புதுவீட்டுக்குள் அவளை விட்டு, ஒருநாள் தங்கினால் பழகிவிடும் என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டு, வெளியே தாழிட்டுப் போனார் அந்நல்லவர். மழை இடித்துக் கொட்டியது. குரல் அற்றுப்போகுமளவும் அவள் கதவை அறைந்தாள். அண்டை வீட்டார் வந்து திறந்ததுதான் தாமதம், கொட்டும் மழையில் ஏரிக்கரை நெடுக ஓடி, கொட்டகையை எட்டுமுன் சேற்றில் வீழ்ந்தாள். நிலையத்துத் தேநீர்க்கடைக்காரர் பாவாடைதான் அவளைத் தூக்கி மீண்டும் வீட்டில் சேர்த்தார். செவிலி கண்ணகி வந்து பார்த்தபோது உடல் கொதித்தது, மூச்சு இரைத்தது, நெஞ்சில் சளி கட்டியிருந்தது.

"ஆஸ்பத்திரிக்குக் கூப்ட்டா வர மாட்றாங்க. மருந்து நான் குடுத்துடறேன். இன்னொரு தபா நனைஞ்சா உசுரு தங்காதுங்க. ஆனா ஏந்திரிச்சி ஓடத்தான் பாக்குறாங்க. இதுக்கு இன்னா பண்ணப் போறீங்க?" என்று கண்ணகி வணிகரை நேருக்கு நேர் கேட்டாள்.

"எங்க சனத்துல யாருனா எனக்குப் பதிலா குந்தினா போதும்" என்று பாயில் கிடந்தவள் முனகினாள். "இங்க எனக்கு யாரு கீறாங்க?"

"நான் போய்க் குந்துறேம்மா. என்னய உன் அண்ணன்னு நெனச்சுக்க" என்றார் இளஞ்செழியன்.

அவள் அவர் பக்கம் திரும்பினாள். "கூடப் பொறந்தவன் வெளித் தாப்பா போடுவானா?"

"தப்புதாம்மா" என்றார் அவர். ஊர்மேடைகளில் ஓங்கி ஒலித்த அக்குரல் அன்று அவருக்கே கேட்கவில்லை. அவள் கண்ணை மூடி, நெடுமூச்செறிந்து, "என் கோணி மேலயே குந்துண்ணா" என்றாள்.

அவ்வாறே அமர்ந்தார். பயணியொருத்தி நிமிர்ந்தும் பாராமல் அவர்முன் ஒரு காசை எறிந்து போனாள். நிலையத்தில் யாரும் படுக்கலாகாது என்று அவரே சொல்லி அமர்த்திய காவலாளி, முதுகில் தடியால் குத்தி, "ஏந்திரி, ஏந்திரி" என்றான். முகத்தைக் கண்டு நடுங்கிப்போனான். வணிகருக்குச் சினம் வரவில்லை; வெட்கம் வந்தது. அவர் எழுந்தபோது பாவாடை அமர்ந்தார். பின்னர்த் தானி ஓட்டுநர்கள், வழக்கறிஞர், நாற்று நடவு முடித்து வந்த பெண்கள் என்று ஊரே முறைவைத்து அமர்ந்து அவளுக்கு உடன்பிறப்பாகிவிட்டது. காய்ச்சல் ஏறுவதும் இறங்குவதுமாய்க் கிடந்த சாலம்மாள், வருவோரையெல்லாம், "எடம் காலியா இல்லியே?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

மழை நீண்டது, ஊராரின் பொறுமையோ குறுகியது. செத்தானோ, வேறொருத்தியோடு போனானோ, அவனுக்காக நாம் எதுவரை நனைவது என்று சிலர் முணுமுணுத்தனர். முறைக்கு வர வேண்டியவர்கள் வராத ஓர் உச்சிப்பொழுதில், கடையைச் சாத்திவிட்டு இளஞ்செழியனே வந்து அமர்ந்தார். உளுந்தூர்பேட்டை வண்டியிலிருந்து, எலும்பும் தோலுமாய், ஒரு காலை இழுத்து இழுத்து ஒருவன் இறங்கினான். கொட்டகையைப் பார்த்தான். கோணிமேல் வெள்ளை வேட்டியணிந்த வேற்றாள் அமர்ந்திருக்கக் கண்டான். அவன் முகம் இருண்டது. யாரையும் ஒன்றும் கேளாமல் திரும்பி, புறப்பட்டுவிட்ட வண்டியின் கம்பியைப் பற்றினான்.

வணிகர் எழ முயன்றார். மரத்துப்போன கால் எழவொட்டவில்லை. நிலையமே திரும்பிப் பார்க்குமாறு, "மாப்ள!" என்று அலறினார். "ஏ மாப்ள, வேடியப்பா!"

கம்பியைப் பற்றிய கை நழுவியது. அவன் மெல்ல வந்து எதிரே நின்றான்.

"யாருங்க நீங்க? இது எம் பொஞ்சாதி எடம்."

"தெரியும்பா. நான் அவளுக்கு அண்ணன்."

"அவளுக்கு அண்ணன் தம்பி யாரும் கெடையாதுங்க." அவன் கோணியைப் பார்த்தான். "செத்துட்டாளா?"

"அய்யோ, சாவலப்பா. வூட்ல கீறா. கஞ்சி குடிச்சிட்டுப் படுத்துனுகீறா."

அவன் விளங்காமல் விழித்தான். "வூட்லயா? எங்களுக்கு ஏதுங்க வூடு?"

எத்தனையோ மேடைகளில் வீட்டைப் பற்றி விரித்துரைத்த அப்பெரியவர், அந்த ஒரு கேள்வியைக் கேட்டு, பயணிகளும் தடியோங்கிய காவலாளியும் பார்த்திருக்க, வாய்விட்டு அழுதார். சுவரெழுப்பிக் கூரை வேய்ந்து சாவி கையளித்ததும் ஊர்க்கடமை முடிந்தது என்று எண்ணியிருந்தார்கள் அந்நகரத்தார். காத்திருப்பவளின் இடத்தில் தாமும் சற்றே அமர்ந்து பார்த்தபின்தான், முடியாமல் கிடந்தது எவ்வளவு என்று அவர்களுக்கு விளங்கிற்று. வேடியப்பன் குனிந்து கைகொடுக்க, அவன் தோளைப் பற்றி எழுந்தார் இளஞ்செழியன். நொண்டியபடியே இருவரும், தூறலில், ஏரிக்கரை நோக்கி நடக்கலாயினர்.