மணிக்குப் போட்ட ஊசி

கால்நடை ஆஸ்பத்திரியில், மாட்டுக்குச் சினை ஊசி போடுவதற்காக நட்டிருந்த இரும்புச் சட்டத்தில்தான் நாயைக் கட்டச் சொன்னார்கள். சட்டம் மாட்டின் அளவுக்குச் செய்தது. மணி ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வந்தது, திரும்ப நுழைந்தது, கயிறு கம்பிகளில் சுற்றிக் கழுத்து இறுகியதும் ஊரைக் கூட்டுவதுபோல் கத்தியது. அனுசுயா மூன்றாவது முறையாகக் கயிற்றைப் பிரித்துவிட்டாள். எட்டு கிலோமீட்டர் அதைச் சாக்குக்குள் கழுத்துவரை போட்டு, மொபெட்டின் முன்னால் வைத்து ஓட்டி வந்திருந்தாள். வழியில் இரண்டு முறை குதித்துச் சோளக்காட்டுக்குள் ஓடியது. புடவையெல்லாம் மண், கையெல்லாம் நாய் முடி. கன்றுக்குட்டியோடு முன்னால் நின்ற ஆள் அவளையும் நாயையும் பார்த்து, "இதுக்கெல்லாமா ஆஸ்பத்திரி வர்றீங்க?" என்று கேட்டார். காலையிலிருந்து இதைக் கேட்ட ஐந்தாவது ஆள். அரியலூரில் சிமெண்ட் லாரி ஓட்டும் அவள் கணவன் பிரேம்குமார் போனில் இதையேதான் கேட்டான்.

வந்தது பூச்சி மாத்திரைக்கும் உண்ணி மருந்துக்கும்தான். நாயின் காதுக்குள் உண்ணிகள் ஆமணக்குக் கொட்டைமுத்து மாதிரி உருண்டு கிடந்தன. அது படுத்த இடத்தையெல்லாம் கழுவுவது அவள் வேலை, அதனால் அந்தக் கவலையும் அவளுடையதாகிவிட்டது. அட்டையைக் கொண்டுவரச் சொல்வார்கள் என்று ரேஷன் கார்டு இருக்கும் பையிலிருந்து நாயின் வெறிநோய்த் தடுப்பூசி அட்டையை எடுத்து வந்திருந்தாள்.

டாக்டரம்மா சின்ன வயது. மாத்திரையை நாயின் நாக்குக்குப் பின்னால் தள்ளி வாயை மூடிப் பிடித்து, அது விழுங்கும்வரை தொண்டையை நீவிவிட்டார். உண்ணிக்குத் தடவும் மருந்தை எழுதினார். பிறகு அட்டையை வாங்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"இது எந்த நாயோட அட்டை?"

"இதோடதுதாங்க மேடம். மணி. பேரு போட்டிருக்கு பாருங்க."

"இதுக்கு என்ன வயசு?"

"தெரியலீங்க. நாலு வருசம் முன்னாடி நான் கல்யாணமாயி வரப்பவே இருந்துச்சு."

டாக்டரம்மா நாயின் உதட்டைத் தூக்கிப் பல்லைப் பார்த்தார். "அஞ்சு வயசு இருக்கும். இந்த அட்டையில முதல் ஊசி போட்டது ரெண்டாயிரத்துப் பதினாலு. கடைசி ஊசி பதினெட்டு. அப்ப இது பொறக்கவே இல்ல."

அனுசுயா அட்டையை வாங்கிப் பார்த்தாள். பெயர், மணி. நிறம், செவலை. கடைசி வரியில் தேதியும் மாதமும் பதினான்கு, ஆறு என்று தெளிவாக இருந்தது. வருஷத்தின் மேல் சீல் குத்தி மை இழுகியிருந்தது. இந்த வருஷம் ஜூனில் ஊருக்கு ஊசி முகாம் வந்தபோது அவள் திருமானூரில் அம்மா வீட்டில் இருந்தாள். அந்த ஜூன்தான் இந்த ஜூன் என்று எடுத்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப போட்டுர்றேன், பிடிங்க" என்று டாக்டரம்மா ஊசியில் மருந்தை ஏற்றினார். "யாரையும் கடிக்கலல்ல?"

போன வியாழக்கிழமை, எதிர்வீட்டு மருதாயி மீந்த சோற்றை இதற்கு வைத்துக்கொண்டிருந்தாள். வைத்து முடிப்பதற்குள் அவள் ஆள்காட்டி விரலையும் சேர்த்துக் கவ்விவிட்டது. ரத்தம் வந்தது. மருதாயி கழுவிவிட்டுச் சுண்ணாம்பு வைத்துக்கொண்டு, எதற்கும் ஆஸ்பத்திரிக்குப் போய்வரலாம் என்று கிளம்பினாள். அப்போதுதான் மாமனார் தங்கசாமி, "மணிக்கு ஊசி போட்டாச்சு, அட்டையே இருக்கு" என்றார். ஓடிப்போய் அட்டையை எடுத்துவந்து மருதாயியின் முகத்துக்கு நேரே நீட்டியவள் அனுசுயா. "இங்க பாருங்க சின்னம்மா, சீல் வச்சிருக்கு."

எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டரம்மா ஊசியைக் கீழே வைத்தார்.

"கடிச்ச நாய்க்கு இப்பப் போட மாட்டேன். பத்து நாள் கட்டிப்போட்டுப் பாக்கணும், ஆறு நாள் போயிருக்கு. இன்னும் நாலு நாள் நல்லா இருந்தா கூட்டிட்டு வாங்க. ஆனா அதுக்காக அந்தம்மா காத்திருக்கக் கூடாது. ரத்தம் வந்திருக்கு, இன்னைக்கே பெரம்பலூர் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. ஊசி போட்ட நாயா இருந்தாலும் போயிருக்கணும்."

திரும்பும் வழியில் நாய் குதிக்கவில்லை. இவ்வளவு தூரம் இழுத்துவந்தும் ஊசி இல்லாமலே அது வீட்டுக்குப் போகிறது. நினைக்க நினைக்க அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

தங்கசாமி மோட்டார் கொட்டகையிலிருந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்தார்.

"மாமா, இதுக்கு முன்னாடியும் ஒரு மணி இருந்துச்சா?"

"இருந்துச்சே. செவலை. இதாட்டமேதான் இருக்கும். லாரில அடிபட்டுப் போச்சு. அதுக்கு முன்னாடி ஒரு மணி, அது கருப்பு. நம்ம வூட்டு நாய்க்கு எப்பவுமே மணிதாம்மா பேரு."

"அப்ப இதுக்கு ஊசியே போடலீங்களா?"

"மணிக்குப் போட்டாச்சும்மா. வருசந் தவறாம நாந்தான புடிச்சிட்டுப் போனேன்."

"அது செத்துப்போன மணிங்க மாமா!"

அவர் அட்டையை வாங்கிப் பார்த்தார், நாயைப் பார்த்தார். முகத்தில் திருட்டுத்தனம் எதுவும் இல்லை. பொய் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். அவருக்கு வீட்டில் நாய் என்று ஒன்று இருந்தது, அதற்கு ஊசி போட்டாகிவிட்டது, அவ்வளவுதான். இடையில் ஒன்று செத்து இன்னொன்று வந்தது கணக்கிலேயே இல்லை.

"சரி வுடு. நல்லாத்தான சோறு திங்கிது" என்றார். "மருதாயிகிட்ட போயி ஒளறி வச்சிறாத. தெருவே தெரண்டு வந்துரும்."

நாயைக் கட்டிப்போட்டு, கட்டினது கட்டினபடியே இருக்க வேண்டும் என்று மட்டும் அவரிடம் சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினாள். அவர் மேல் வந்த கோபம் தெருமுனை தாண்டுவதற்குள் அவள் மேலேயே திரும்பிவிட்டது. மாமனாருக்கு எழுத்துக் கூட்டத்தான் தெரியும். மருதாயிக்கு அதுவும் தெரியாது. வருஷத்தைப் படிக்க வேண்டியவள் அந்த இடத்தில் ஒருத்திதான் இருந்தாள், அவள் பி.காம்.

வெங்காயம் சேமித்து வைக்கும் பட்டறைக்குப் பக்கத்துக் களத்தில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து வெங்காயத் தாள் அறுத்துக்கொண்டிருந்தார்கள். மருதாயி விரலில் துணி சுற்றியிருந்தாள்.

"சின்னம்மா, கொஞ்சம் எந்திரிச்சு வாங்க."

"என்னாடி, ஒம் மாமனாரு எனக்குத் தூது வுட்டுருக்காரா?"

எல்லோரும் சிரித்தார்கள். தனியாகக் கூப்பிட்டால் வரமாட்டாள் என்று தெரிந்தது. அனுசுயா நின்ற இடத்திலேயே, எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டாள். அட்டை செத்துப்போன நாயுடையது, கடித்த நாய்க்கு இதுவரை ஒரு ஊசிகூட இல்லை, இப்போதே பெரம்பலூர் போக வேண்டும். கத்திகள் நின்றன. ஒருத்தி உட்கார்ந்தபடியே மருதாயியிடமிருந்து கொஞ்சம் தள்ளிப்போனாள்.

"அன்னிக்கு நான் கெளம்பிட்டன்டி" என்றாள் மருதாயி. "செருப்பக்கூட மாட்டிட்டேன். நீதான் அட்டையத் தூக்கிட்டு ஓடியாந்த."

"ஆமாங்க சின்னம்மா."

"படிச்ச புள்ள சொல்லுதேன்னு உக்காந்தேன்."

"ஆமாங்க."

"என்னாடி ஆமாம் ஆமாங்குற! இல்லன்னாவது சொல்லேன், நாலு வார்த்த திட்டவாவது திட்டுவேன்." வெங்காயம் ஒன்றை எடுத்துத் தாளை அறுத்தாள். "நாளைக்கு வரேன் போ. ஆறு நாள் சாவாதவ ஒரு நாள்ல செத்துறப்போறதில்ல."

அனுசுயா குனிந்து அவள் கையிலிருந்த கத்தியை வாங்கிப் பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்தாள். மருதாயி அவளையே பார்த்தாள். பிறகு முந்தானையில் ஒட்டியிருந்த சருகைத் தட்டிவிட்டு எழுந்தாள்.

பெரம்பலூருக்கு மருதாயி மொபெட்டின் பின்னால் ஏறிக்கொண்டாள். மொபெட்டில் ஏறும் எல்லோரும் தோளைப் பிடிப்பார்கள். அவள் பிடிக்கவில்லை, பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் கடிவாயைச் சுற்றி ஒரு மருந்தையும் இரண்டு புஜத்திலும் தடுப்பூசியையும் போட்டார்கள். விரலில் ஊசி இறங்கியபோது மட்டும், "ஆத்தாடி" என்று பல்லைக் கடித்தாள். நர்ஸ் புது அட்டை ஒன்றில் எழுதி, "ஒரு நாள்கூட விடக்கூடாது" என்று கொடுத்தார்.

வெளியே மரத்தடி பெஞ்சில் மருதாயி அந்த அட்டையை அனுசுயாவின் மடியில் போட்டாள்.

"படி."

"பத்தாந் தேதி இன்னிக்கிப் போட்டது. அப்புறம் பதிமூணு, பதினேழு..."

"வருசத்தையும் சேத்துப் படி."

அனுசுயா அட்டையை நிமிர்த்திப் பிடித்தாள். முதலிலிருந்து தொடங்கினாள். "செப்டம்பர் பத்து, ரெண்டாயிரத்து இருபத்தஞ்சு." மருதாயி சுண்டுவிரலை மடக்கினாள். "செப்டம்பர் பதிமூணு, ரெண்டாயிரத்து இருபத்தஞ்சு." மோதிரவிரல். "செப்டம்பர் பதினேழு, ரெண்டாயிரத்து இருபத்தஞ்சு." நடுவிரல். "அக்டோபர் எட்டு, ரெண்டாயிரத்து இருபத்தஞ்சு."

மருந்து ஏற்றிய ஆள்காட்டி விரல் வாழைப்பிஞ்சு மாதிரி வீங்கியிருந்தது. மடக்கிப் பார்த்தாள், மடங்கவில்லை. மற்ற மூன்றும் மடங்கியிருக்க, அது மட்டும் அனுசுயாவைப் பார்த்து நீண்டு நின்றது.

"இன்னொருக்காப் படி" என்றாள்.