ஆள் ஓடி வந்தால் வண்டி நிற்கும்

எங்கள் ஸ்டேஷனில் ஒரு வழக்கம். வயல் வரப்பில் யாராவது கையை வீசிக்கொண்டு ஓடி வந்தால் வண்டி நிற்கும். ஸ்டேஷன் மாஸ்டரான என் அண்ணன் பச்சைக் கொடியைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொள்வார். கார்டும் கடைசிப் பெட்டி வாசலில் பொறுமையாக நிற்பார். கிளை லைனில் நாளுக்கு ஒரு வண்டிதான், அதையும் விட்டால் மனிதன் எங்கே போவான் என்பது அண்ணனின் கட்சி. ஒருவரையும் விட்டுவிட்டு வண்டி போனதில்லை என்று ஊரெல்லாம் தம்பட்டம் அடிப்பார். டிக்கெட் கவுன்டரில் உட்கார்ந்து இதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

அன்று எங்கள் தங்கை வந்து டிக்கெட் கேட்டாள். விரல்கள் வீங்கிக் கிடந்தன. மில்லில் மெக்கானிக்காக இருக்கும் அவள் புருஷன் கதவிடுக்கில் வைத்து நசுக்கியிருந்தான். கல்யாணமான நாளிலிருந்தே இந்தக் கூத்துதான். நகரத்தில் இருக்கும் சிநேகிதியிடம் போய்விட்டால் பிழைத்துக்கொள்வாள். அண்ணனிடம் சொல்லாதே என்று கெஞ்சினாள். சொன்னால் மாப்பிள்ளையைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசி, மறுபடியும் சேர்த்துவைத்துவிடுவார். முன்பும் அப்படிச் செய்த புண்ணியவான்தான். சொல்லமாட்டேன் என்று டிக்கெட்டைக் கொடுத்தேன். அண்ணன் உள்ளே போனில் பேசும் நேரம் பார்த்து அவள் முதல் பெட்டியில் ஏறினாள்.

வண்டி கிளம்பும் சமயம் வரப்பில் ஓர் ஆள் ஓடி வந்தான். அண்ணன் வழக்கம்போல் கொடியைச் சுருட்டினார். அந்த உருவம் யாரென்று தெரிந்ததும் கவுன்டரை விட்டு வெளியே ஓடினேன்.

"அண்ணே, கொடியக் காட்டுங்க. வர்றது நம்ம மாப்பிள்ள. தங்கச்சி வண்டியில இருக்கா. அவன்கிட்டேருந்து தப்பிச்சுப் போறா."

"புருஷன் பொண்டாட்டி சண்டைதானே. பேசிக்கலாம்."

"விரல நசுக்கிட்டான் அண்ணே. அடுத்தது கழுத்துதான்."

அண்ணன் முகம் வெளிறிப்போயிற்று. பச்சைக் கொடியை விரித்துக் காட்டினார். வண்டி நகர்ந்தது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

ஆனால் கார்டுக்கு இது எதுவும் தெரியாதே. பிளாட்பாரத்தில் ஓடி வந்தவனைப் பார்த்து இரக்கப்பட்டு, குனிந்து கையை நீட்டித் தூக்கி ஏற்றிக்கொண்டார். இன்றைக்கும் யாரையும் விடவில்லை என்பதுபோல் எங்களைப் பார்த்துச் சிரித்தார். பிறகு மூச்சிரைத்தவனுக்குத் தண்ணீர் எடுக்க உள்ளே திரும்பிவிட்டார். அண்ணன் சிவப்புக் கொடியை ஆட்டியதை ஒருவரும் பார்க்கவில்லை. அடுத்த ஸ்டேஷனில் ஆளும் கிடையாது, போனும் கிடையாது. அங்கே இறங்கி அவன் பெட்டி பெட்டியாகத் தேடுவான்.

வண்டி வளைவில் திரும்பும்போது முதல் பெட்டி தெரிந்தது. தங்கை ஜன்னலில் முகத்தை வைத்து எங்களைப் பார்த்தாள். இறங்கு, இறங்கு என்று நான் இரண்டு கையையும் வீசிக் கத்தினேன். அண்ணனும் கொடியைப் போட்டுவிட்டுத் தண்டவாளத்தில் ஓடியபடி கையை வீசினார். அண்ணனே வழியனுப்ப வந்துவிட்டார் என்று நினைத்திருப்பாள். அவளும் சிரித்துக்கொண்டே கையாட்டினாள்.