வெள்ளச்சியின் முன்னங்கால்

கொல்லயிலில் மோகனனின் குதிரைப் பண்ணைக்கு ஆலீஸ் மறுபடியும் வேலைக்குப் போனபோது அவளுக்கு வயது நாற்பத்தாறு. சின்ன வயதில் காரோட்டிலிருந்து பஸ் ஏறி அங்கே புல் வெட்டப் போனவள் அவள். கொஞ்ச காலத்திலேயே குதிரைகளைக் குளிப்பாட்டவும், ஆளில்லாத மத்தியானங்களில் சேணம்கூடப் போடாமல் ஏறி ஓட்டவும் பழகிவிட்டாள். கடற்கரைப் பெண் குதிரை ஓட்டுகிறாள் என்று ஊரில் பேச்சு கிளம்பியதும் வீட்டில் அவசரமாகப் பையன் பார்த்து சத்தியதாஸுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். நல்ல மனிதன். போன மழைக்காலத்தில் அவனுடைய வள்ளம் கவிழ்ந்தது. கூடப் போனவர்கள் நீந்தி வந்தார்கள். அவன் உடல்கூடக் கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகு அலைச் சத்தம் கேட்கிற வீட்டில் அவளால் இருக்க முடியவில்லை. எங்கேயாவது போக வேண்டும் என்று தோன்றியபோது பண்ணையைத் தவிர வேறு இடம் நினைவுக்கு வரவில்லை.

மேய்ச்சல் நிலத்தில் பாதி விலைபோய் அங்கே வீடுகள் எழும்பியிருந்தன. வரிசையாகக் குதிரைகள் நின்ற லாயத்தில் மிஞ்சியவை இரண்டுதான். ஒன்று வயதான கறுப்புக் குதிரை. மற்றது கல்யாண ஊர்வலங்களுக்காக வாங்கிய வெள்ளைப் பெட்டை, வெள்ளச்சி.

"வந்தியா மக்கா?" என்றார் மோகனன். தலை முழுக்க நரைத்திருந்தது. "நீ நெனச்சிட்டு வந்தது ஒண்ணும் இஞ்ச இல்ல, கேட்டியா."

"எனக்கு நிக்கியதுக்கு ஒரு எடம் போரும் அண்ணா."

வெள்ளச்சி முதலில் அவளை அண்டவிடவில்லை. யார் கை உயர்ந்தாலும் காதை மடக்கிக்கொண்டு சுவரோரம் ஒதுங்கும். செண்டை மேளம் அடித்தால் ஆட வேண்டும் என்று யாரோ அடித்துப் பழக்கிய குதிரை அது. ஆலீஸ் அவசரப்படவில்லை. தினமும் கையில் வெல்லத்தை வைத்துக்கொண்டு சும்மா நிற்பாள். ஒரு நாள் காலை அது வெல்லத்தைத் தின்றுவிட்டுப் போகாமல், தாடையை அவள் தோளில் வைத்து மூச்சுவிட்டது. கணவன் போன பிறகு கல்லாக இருந்தவள் அன்றுதான் லாயத்துச் சாணத்தில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

உதியன்குளங்கரையில் ஒரு கல்யாணத்துக்குப் போகவேண்டிய நாளில் வெள்ளச்சி வலது முன்னங்காலை ஊன்ற முடியாமல் நின்றது. குளம்பு கொதித்தது.

"அண்ணா, இதுக்க காலு சரியில்ல. இன்னைக்குக் கொண்டு போக ஒக்காது."

மோகனன் குனிந்து தொட்டுப் பார்த்தார். அவருக்குத் தெரியாததல்ல. முன்பு, நொண்டுகிற குதிரையை வெளியே இறக்கியதற்காக ஒரு வேலைக்காரனைக் கையோடு விரட்டிய மனிதர் அவர்.

"வாக்கு குடுத்தாச்சு. இதயும் விட்டா அடுத்து ஒருத்தனும் விளிக்க மாட்டான். பின்ன ரெண்டயும் எறச்சிக்காரனுக்க கையில குடுக்கணும். கொஞ்ச தூரம் ஆக்கும். மெள்ள நடத்திட்டுப் போ."

"நீங்களா அண்ணா இத சொல்லுதிய?"

"நான் தான் சொல்லுதேன்." அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

கடிவாளத்தைக் கீழே போட்டுவிட்டு அவள் வீட்டுக்குப் போயிருக்கலாம். போனால் யாராவது கம்பும் கையுமாக அதை இழுத்துக்கொண்டு போவார்கள். நான் கூட இருந்தால் நல்லது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டே, வெல்வெட் துணியை அதன் முதுகில் விரித்துக் கட்டினாள்.

சாலையில் மழை ஈரம் காயவில்லை. மாப்பிள்ளை ஏறியபோது வெள்ளச்சி ஒருமுறை திரும்பி அவளைப் பார்த்தது. "வா மக்கா, வா, கொஞ்சம் தான்" என்று கழுத்தைத் தடவியபடியே நடத்தினாள். அவள் குரலை நம்பி அது நொண்டி நொண்டி வந்தது. வளைவு தாண்டியதும் செண்டை உச்சத்துக்குப் போனது. பக்கத்தில் யாரோ பட்டாசுச் சரத்தைக் கொளுத்திப் போட்டார்கள். வெள்ளச்சி பின்னங்கால்களில் எழுந்தது. இறங்கும்போது வலது கால் தாரில் வழுக்கி மடங்கியது. எலும்பு முறிந்த சத்தம் செண்டையையும் மீறி அவளுக்குக் கேட்டது.

மாப்பிள்ளைக்கு முழங்கையில் சிராய்ப்புதான். அவரைக் காரில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். சற்று நேரத்தில் செண்டையும் அவர் பின்னாலேயே போய்விட்டது. ஆட்கள் சுற்றி நின்று போனில் படம் எடுத்தார்கள். ஆலீஸ் தரையில் உட்கார்ந்து அதன் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள். எழ முயன்று முயன்று அது ஓய்ந்தது. கால்நடை மருத்துவர் வந்து காலைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். இனித் தேறாது என்று கடைசி ஊசியைப் போடும்போது வெள்ளச்சி மிரளவில்லை. அவள் கை அதன் காதின்மேல் இருந்தது.

குதிரையைத் தூக்கிக்கொண்டு போன வண்டியில், செய்தி கேட்டு வந்திருந்த மோகனன் அவள் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். பண்ணை வாசலில் இறங்கியபோது, "நாளைக்கு வருவியா?" என்று கேட்டார். வரமாட்டேன் என்று சொல்லிவிடாதே என்று கெஞ்சுகிற ஆளின் குரல் போலிருந்தது.

"அத கூட்டிட்டுப் போனது நீங்க இல்ல அண்ணா, நான் ஆக்கும்" என்றாள் ஆலீஸ். பிறகு, "வாறேன்" என்றாள். "வேற எங்க போவேன்?"

மறுநாள் போனாள். கறுப்புக் குதிரை முன்தினம் வைத்த கொள்ளைத் தொடாமல், சாலையைப் பார்த்துக் கனைத்துக்கொண்டிருந்தது. அவள் தொட்டியைக் கழுவித் தண்ணீர் நிரப்பினாள். அது கனைப்பதை நிறுத்தவில்லை.